பொங்சு வீட்டுக் காபி

அப்பாவும் நானும் சேர்ந்து செய்த கடைசி வேலை, வண்டிக்குப் பெட்ரோல் போட்டது.

செரியா கடைத்தெருவைத் தாண்டியதும் வரும் பங்க். நான் ஓட்டினேன். பங்க்கில் வேலை செய்யும் வங்காளதேசத்துக்காரர் டேங்கை நிரப்பி, குழாய் டக்கென்று நின்றதும் அதை எடுக்கப் போனார். அதற்குள் அப்பா இறங்கிவிட்டார். குழாயை அவர் கையிலிருந்து வாங்கி, ரப்பர் பகுதியைத் தோள் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்து, பிள்ளைக்கு மூக்குச் சிந்திவிடுவது போல முனையை உதறினார். எப்போதும் இப்படித்தான். வங்காளதேசத்துக்காரருக்கும் பழக்கம். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

"போதும்ப்பா. பின்னாடி வண்டி நிக்குது."

"நிக்கட்டும். குழாய்ல இருக்கிறதுக்கும் சேர்த்துத்தானே எண்ணெய் எடுத்தோம்?"

"மிஞ்சிப்போனா ரெண்டு சொட்டு வரும்."

"சொட்டுச் சொட்டாத்தான் இந்த ஊரே எழும்புச்சு. நீ இஞ்சினியர். நான் சொல்லணுமா?"

புருனேயில் ஒரு பாட்டில் தண்ணீரைவிட ஒரு லிட்டர் பெட்ரோல் மலிவு. வீட்டில் நாலு பேர் இருந்தால் வாசலில் ஐந்து கார் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் எல்லோரும் எல்லை தாண்டி மீரிக்குப் போய், அரை டேங்க் எரித்து, முட்டைக்கோஸ் மலிவாக வாங்கி வருவோம். அதற்கு நாங்கள் சிக்கனம் என்று பெயர் வைத்திருக்கிறோம். அப்படிப்பட்ட நாட்டில்தான் மெதுசின் என்கிற என் அப்பா பெட்ரோல் குழாயை உதறுவார்.

வண்டியில் ஏறி உட்கார்ந்து, விரலை மோந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஃபுல் டேங்க். நாளைக்கு பொங்சு வீடு. இனி சாக்கு சொல்ல முடியாது."

மறுநாள் மழை. "மழையில பாலத்துல போனா வண்டி ஆடும்" என்றார். மழையைப் பார்த்து அவர் சந்தோஷப்பட்டது அம்மாவுக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. வெள்ளிக்கிழமை, பள்ளிவாசலிலிருந்து வந்து, சாப்பிட்டு, சற்றுத் தலை சாய்த்தவர் எழுந்திருக்கவில்லை.

பொங்சு என்றால் கடைக்குட்டி. புருனேக்காரர்களான நாங்கள் பிள்ளைகளைப் பிறந்த வரிசை சொல்லித்தான் கூப்பிடுவோம். மூத்தவர் துஹா, கடைசி பொங்சு. அப்பாவின் வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான், ஒரு துஹா, ஒரு பொங்சு. இடையில் யாரும் இல்லாததால் சமாதானம் செய்து வைக்கவும் ஆள் இல்லை.

அப்பா கம்பெனி வேன் ஓட்டினார். எங்கள் ஊரில் கம்பெனி என்றால் ஒன்றுதான், அதற்குப் பெயர் சொல்ல வேண்டியதில்லை. ஷிப்டுக்குப் போகிறவர்களைக் கொண்டுபோய்விட்டு, முடிந்து வருகிறவர்களைக் கூட்டி வருவார். பிலிப்பைன்ஸ்காரர்கள், இந்தோனேசியர்கள், சரவாக் இபான்கள், வெள்ளைக்கார மேலாளர்கள், புதுக்கோட்டைப் பக்கத்து வெல்டர்கள். "எண்ணெய் எங்க போகுதுன்னு எனக்குத் தெரியாது. எடுக்கிறவன் எங்க போறான்னு தெரியும், தூங்கப் போறான்" என்பார். எல்லா மொழியிலும் அவருக்கு ஒரே ஒரு வாக்கியம் தெரியும், அது சாப்பாடு பற்றியதாக இருக்கும். புதுக்கோட்டைக்காரர்கள் சொல்லிக்கொடுத்த "சாப்டாச்சா?" அவருக்கு மிகவும் பிடித்தது. "நம்ம மாதிரி ஆளுங்க. பேரைக் கேக்கறதுக்கு முன்னாடி சோத்தைக் கேக்குறாங்க."

நான் கருவி இஞ்சினியர். எண்ணெய்க் கிணற்றின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் அளக்கும் கருவிகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பது வேலை. அதாவது, கிணறு எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கிணற்றைப் பற்றிச் சொல்லும் கருவி எப்படி இருக்கிறது என்று தெரியும். அப்பா இதை ஊருக்கு விளக்கிய விதம்: "என் மக தெர்மாமீட்டருக்கு வைத்தியம் பாக்குறா."

முப்பத்து நாலு வயதில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, எங்கள் தெரு நம்பவில்லை. வீட்டுக்குப் பின்னால் எண்ணெய் இறைக்கும் இரும்புக் கழுதை ஒன்று இரவும் பகலும் தலையாட்டிக்கொண்டிருக்கும். "அதுக்கே அலுத்துப்போச்சு. நீ இப்பத்தான் தலையாட்டுற" என்றார் அப்பா. மாப்பிள்ளை சஃப்ரி கல்வித் துறையில் இருக்கிறார். "ஒரு பக்கம் அரசாங்கம், ஒரு பக்கம் கம்பெனி. நாட்டுல வேற என்ன இருக்கு? முழு நாடும் சம்பந்தி ஆயிடுச்சு."

எங்கள் கல்யாணத்துக்கு அழைப்பிதழ் அச்சடிப்போம், போனில் அனுப்புவோம். அதெல்லாம் அழைப்பு ஆகாது. வீட்டுப் பெரியவர் வாசலுக்கு வந்து வாயால் சொன்னால்தான் அழைப்பு. ஆயிரம் பேருக்குக் குறைந்தால் கல்யாணம் என்று யாரும் ஒத்துக்கொள்வதில்லை. எனவே அப்பா வீடு வீடாகக் கிளம்பினார்.

இங்கேதான் கெம்புனான் வந்தது. ஒரு வீட்டில் சாப்பிட ஏதாவது நீட்டினால் அதைத் தொடாமல் கிளம்பக் கூடாது. கிளம்பினால் போகிற வழியில் பாம்பு கடிக்கும், வண்டி கவிழும், முதலை இழுக்கும். அதுதான் கெம்புனான். பசி இல்லாவிட்டால் பரவாயில்லை, விரல் நுனியால் தட்டைத் தொட்டுத் தொண்டையில் வைத்துக்கொண்டால் போதும். நான் இதை நம்பவில்லை. ஆனால் கம்பெனி கேன்டீனில் யாராவது பிஸ்கட் நீட்டினால் என் விரல் தானாகப் போய்த் தொட்டுவிட்டு வரும். இயற்பியல் படித்தது மூளை. விரல் படிக்கவில்லை.

அப்பாவுக்குச் சர்க்கரை. கல்யாண அழைப்புக்குப் போகிறவருக்கு ஒவ்வொரு வீட்டிலும் பால்காபி, இலையில் மடித்து அவித்த பசையரிசி கெலுப்பிஸ், முட்டைப் பலகாரம். நான் கவலைப்பட்டேன். இஞ்சினியர் கவலைப்பட்டால் கருவி வாங்குவாள். கையில் ஒட்டிக்கொள்ளும் ஒரு பொட்டு வாங்கினேன். அது அவர் ரத்தத்தில் சர்க்கரையை அளந்து என் போனுக்கு அனுப்பும். சட்டையைச் சுருட்டி ஒட்டும்போது அவர் கேட்டார்: "எண்ணெய் கண்டுபிடிச்சா எனக்கும் பங்கு உண்டா?"

அதன்பிறகு அவர் எந்த வீட்டில் இருக்கிறார் என்று போனின் வளைகோட்டைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

"அப்பா, இப்ப என்ன சாப்பிட்டீங்க?"

"சாப்பிடல. தொட்டேன்."

"தொட்டா இவ்வளவு ஏறாதுப்பா."

"நாக்கால தொட்டேன்."

செரியா முடிந்தது. கோலபெலாய்ட் முடிந்தது. துத்தோங், தலைநகர் எல்லாம் முடிந்தது. ஒரே ஒரு வீடு பாக்கி.

பொங்சு சித்தப்பாவின் பெயர் திம்பாங். இருப்பது டெம்புரோங்கில். எங்கள் நாடு சின்னது. அது போதாதென்று இரண்டு துண்டு. நடுவில் மலேசியாவின் நிலம் வந்து உட்கார்ந்திருக்கிறது. முன்பெல்லாம் அந்தத் துண்டுக்கு ரோட்டில் போனால், சொந்த நாட்டிலிருந்து கிளம்பிச் சொந்த நாட்டுக்கே போவதற்குப் பாஸ்போர்ட்டில் வரிசையாக முத்திரை வாங்க வேண்டும். அல்லது சதுப்புக் காட்டுக்குள் வளைந்து பறக்கும் விசைப்படகு.

அந்தப் படகில்தான் சண்டை தொடங்கியது. நான் பள்ளிக்கூடத்தில் இருந்த காலம். அப்பா தம்பி வீட்டுக்குப் போயிருந்தார். கிளம்பும்போது காபி வந்தது. கடைசிப் படகு போய்விடும் என்று அப்பா தொடாமல் ஓடினார். படகு ஆற்றில் மிதந்த மரக்கட்டையில் மோதிச் சாய்ந்தது. எல்லோரும் பிழைத்தார்கள். அப்பாவின் பல்செட் மட்டும் பிழைக்கவில்லை. மீட்புப் படகு வரும்வரை கண்டல் வேரைப் பிடித்துத் தொங்கினாராம், முதலை வந்தால் கடிக்கத் தன்னிடம் பல்கூட இல்லையே என்று நினைத்துக்கொண்டு.

இதை அவர் செரியா முழுக்கச் சொன்னார். நன்றாகச் சொல்வார். வேனில் ஏறிய ஒவ்வொரு ஷிப்டுக்கும் சொன்னார். கதையின் கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: "எல்லாம் என் தம்பி வீட்டுக் காபி."

கதை படகைவிட வேகமாக டெம்புரோங் போய்ச் சேர்ந்தது. சித்தப்பா போன் செய்தார்.

"என் வீட்டுக் காபி ஆளை ஆத்துல தள்ளுமா?"

"காபி தள்ளல. தொடாதது தள்ளுச்சு."

"அப்ப உன் தப்புன்னு சொல்லு. எதுக்கு என் காபியை ஊர்ல இழுக்குற?"

அவ்வளவுதான். இரண்டு பெரிய மனிதர்கள், இவ்வளவு வருஷம். பெருநாளுக்கு அவர் இந்தப் பக்கம் வரவில்லை, இவர் அந்தப் பக்கம் போகவில்லை. கேட்டால் முத்திரை, பாஸ்போர்ட், படகு என்பார்கள். பிறகு அரசாங்கம் கடலுக்கு மேல் பாலம் கட்டிவிட்டது. முத்திரை இல்லை, படகு இல்லை, நேராகப் போய் இறங்கலாம். பாலம் திறந்த அன்று டிவி பார்த்துக்கொண்டிருந்த அப்பாவின் முகம் எனக்கு நினைவிருக்கிறது. நாடே கைதட்டியது. சாக்கு போய்விட்ட ஒரே குடிமகன் என் அப்பா.

"கடைசியா அவன் வீட்டுக்குப் போவேன்" என்று அழைப்பு தொடங்கிய நாளே சொல்லியிருந்தார். "காபி குடுப்பான். தொடுவேன். தீந்துச்சு."

"நாக்காலயா?"

"அவன் வீட்லன்னா முழுசாக் குடிக்கணும். உன் போனை அணைச்சு வெச்சுக்கோ."

அந்த வெள்ளிக்கிழமை நான் வேலையில் இருந்தேன். வாயு கசியக்கூடிய இடத்துக்குள் போனைக் கொண்டுபோக முடியாது, பெட்டியில் பூட்டிவிட்டுப் போவோம். வெளியே வந்து எடுத்தபோது அம்மாவின் அழைப்புகள் இருந்தன. சர்க்கரை வளைகோடு கடைசிவரை ஒழுங்காக இருந்தது. அந்த வாரத்திலேயே அவ்வளவு ஒழுங்காக இருந்ததில்லை. மாரடைப்பு என்றார் டாக்டர், சர்க்கரைக்கும் இதற்கும் இப்போது முடிச்சுப் போட வேண்டாம் என்றார். நான் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது வேறொரு கிணறு.

குளிப்பாட்டும்போது பொட்டை யாரோ கழற்றியிருக்கிறார்கள். போன் மட்டும் விடவில்லை. அடக்கம் முடிந்து உட்கார்ந்திருந்தபோது அது அதிர்ந்து சொன்னது: தொடர்பு இல்லை, கருவியை அருகில் கொண்டு வரவும்.

சித்தப்பா வந்திருந்தார். பாலத்தில் வந்தார். ஜனாஸாவைத் தூக்கினார், மண் போட்டார், யாரிடமும் பேசவில்லை. துஆ ஓதி முடிந்து சாப்பாடு பரிமாறியபோது எழுந்து செருப்பைத் தேடினார். அடுத்த வீட்டுக்காரி ஒரு பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை ஓடினாள். அதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

"தொடாம போறானே" என்றாள் அம்மா. அழுதுகொண்டிருந்தவள் அழுகையை நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

எங்கள் முறையில் நிக்காஹ் நடக்கப் பெண்ணுக்கு வலீ வேண்டும், கைபிடித்துக் கொடுக்கிற ஆண். முதலில் அப்பா. அவர் இல்லையென்றால் தாத்தா. தாத்தா எப்போதோ போய்விட்டார். அடுத்தது அண்ணன் தம்பி, எனக்கு இல்லை. அடுத்தது அப்பாவின் சகோதரன். ஊர் முழுக்க அழைத்தாயிற்று. அழைக்காத ஒரே ஆள்தான் இல்லாமல் முடியாத ஆள்.

வேறு வழி இருக்கிறது, நீதிமன்றத்தில் கேட்டால் அவர்களே ஒருவரை நியமிப்பார்கள் என்று சஃப்ரி மெதுவாகச் சொன்னார். அரசாங்கத்தில் வேலை செய்கிறவர், எல்லாவற்றுக்கும் ஒரு வழி தெரியும். அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உசுரோட சித்தப்பன் இருக்கும்போது எவனோ ஒருத்தன் வந்து கையைப் பிடிச்சுக் குடுப்பானா? உங்கப்பா குழிக்குள்ளேயே புரண்டு படுப்பார். நீ போ."

"பொண்ணே போய்க் கூப்பிடலாமா?"

"கூடாது."

"அப்புறம்?"

"நான் புருஷன் போனவ, இத்தா முடியற வரைக்கும் வாசல் தாண்ட முடியாது. வேற யார் இருக்கா? போ. இதையும் எடுத்துட்டுப் போ." கெலுப்பிஸ் பொட்டலம். "பேசுறதுக்கு முன்னாடி இதை அவன் தொடணும். இல்லேன்னா அவனுக்கும் ஏதாவது ஆயிடும். ஒரு வருஷத்துல ரெண்டு ஜனாஸா எனக்குத் தாங்காது."

அப்பா உதறி நிரப்பிய பெட்ரோலில் போனேன். பாலத்தில் ஒரு வண்டியும் இல்லை. வழி முழுக்க அழைப்பு வாசகத்தை மனப்பாடம் செய்தேன். நேராகச் சொல்லக் கூடாது. 'எங்கள் சிறிய காரியம் ஒன்று, உங்கள் நிழல் விழுந்தால் வெளிச்சம்' என்று சுற்றி வளைக்க வேண்டும். அப்பாவுக்கு இது தண்ணீர்பட்ட பாடு. நான் அளவு எழுதிப் பழகியவள்.

சித்தப்பா வீட்டு வாசலில் ரம்புத்தான் மரம். அதன் கீழே அவர் கார், முன் பம்பர் நைலான் கயிற்றில் கட்டித் தொங்கியது. நான் அதைப் பார்த்துக்கொண்டே இறங்கியதை அவர் படியிலிருந்து பார்த்தார்.

"என்ன பாக்குற?"

"ஒண்ணுமில்ல பொங்சு. பம்பர்..."

"உடும்பு குறுக்க வந்துச்சு."

"எப்போ?"

"என்னைக்கோ."

உள்ளேயிருந்து சித்தியின் குரல் வந்தது. "என்னைக்கோவா? உங்கப்பாவைப் பொதைச்சுட்டு வந்த அன்னைக்கு. அவ்வளவு நீளப் பாலத்துல ஒழுங்கா ஓட்டிட்டு வந்தாரு. சொந்த வாசல்ல வந்து மரத்துல முட்டினாரு."

"உடும்பு வந்துச்சுன்னு சொல்றேன்ல."

"உடும்பை நான் பாக்கல. மரத்தைப் பாத்தேன்."

நான் கெம்புனான் என்ற சொல்லை எடுக்கவில்லை. அவரும் எடுக்கவில்லை. இத்தனை வருஷமாக அப்படி ஒன்று இல்லை என்று சொல்லிவந்த மனிதர். பொட்டலத்தைப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரு விரலை நீட்டினார். பிறகு ஒன்றை எடுத்து இலையை உரித்தார். தொட்டார், அப்பா தொடுவது போலத்தான். நாலு கெலுப்பிஸைத் தொட்டு முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"சொல்லு. எதுக்கு வந்த?"

நான் வாசகத்தைத் தொடங்கினேன். நிழலும் வெளிச்சமும் இடம் மாறிவிட்டன. பாதியில் நின்று, தேதி, நேரம், மண்டபம் என்று சொல்லி முடித்தேன்.

"என்ன இது, கம்பெனி மீட்டிங்கா? உங்கப்பன் உனக்கு ஒண்ணும் சொல்லித்தரலயா?"

"அவர் வந்து சொல்றதா இருந்தார் பொங்சு. கடைசியா இங்கதான் வரணும்னு வெச்சிருந்தார். டேங்க்கூட ரொப்பியாச்சு. மழை வந்துடுச்சு."

"மழையா?" என்றார். "துஹாவா மழைக்குப் பயந்தான்?"

எங்கள் குடும்பத்தில் யார் எதற்குப் பயப்படுவார்கள் என்று அவருக்கே தெரியும்.

"பொண்ணு வந்து கூப்பிட்டா செல்லாது" என்றார் கொஞ்சம் கழித்து. "உங்கம்மா வெளிய வர முடியாது. உனக்கு அண்ணன் தம்பி இல்ல. அப்ப அந்த வீட்டுக்குப் பெரியவன் இப்ப யாரு?"

"நீங்கதான்."

"கூப்பிட வேண்டியது நான்."

"ஆமா."

"யாரைக் கூப்பிடணும்?"

"உங்களை."

உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்தது. சித்தி சிரித்துக்கொண்டிருந்தாள். சித்தப்பாவும் சிரிக்கத் தொடங்கி, பாதியில் அது வேறு எதுவாகவோ ஆகிவிட்டது. தோளில் கிடந்த துண்டால் முகத்தை நன்றாகத் துடைத்தார்.

"கில்லாடிப் பய. செத்தும் என்னையே வேலை வாங்குறான் பாரு. சரி, கூப்பிட்டுட்டேன். வரேன்னும் சொல்லிட்டேன். நான்தான் கையைப் பிடிச்சுக் குடுப்பேன், வேற எவனாவது வந்தான்னா பல்லு போயிடும்."

சித்தி காபி கொண்டுவந்தாள். தட்டில் மூன்று கோப்பை. எனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. மூன்றாவதை அவர் பக்கத்தில், யாரும் உட்காராத பாயின் முன்னால் வைத்தாள்.

"அன்னைக்குக் காபி போட்டது நான்" என்றாள் என்னிடம். "அவங்க ரெண்டு பேரும் கோவிச்சுக்கிட்டாங்க, என்னை ஒருத்தரும் கேக்கல. வீட்ல சர்க்கரை தீந்துபோயிருந்துச்சு, பாலும் இல்ல. வெறும் கசப்பு. அவர் குடிக்காம ஓடினப்ப, நல்லதாப்போச்சுன்னு நினைச்சேன்."

சர்க்கரை இல்லாத காபி. அழைக்கப் போன வீடுகளில் எதிலும் அப்பாவுக்குக் கிடைக்காத காபி. இதை அவரிடம் சொன்னால் எப்படிச் சிரிப்பார் என்று நினைத்து, போனை எடுக்கக் கை பைக்குள் போய்விட்டது. உள்ளேயே வைத்துக்கொண்டேன்.

என் காபியைக் குடித்தேன். சித்தப்பா அவருடையதைக் குடித்தார். மூன்றாவது கோப்பையில் ஆவி குறைந்துகொண்டே வந்தது.

"பொங்சு, செத்தவங்களுக்குப் பதிலா வேற யாராவது தொடலாமா?"

"தெரியல. நீதானே படிச்சவ."

விரலை நீட்டினேன். அவர் என் கையைப் பிடித்து மெல்ல என் மடியில் கொண்டுபோய் வைத்தார்.

"விடு. அது அவன் வந்து தொட வேண்டியது."

கிளம்பும்போது சித்தி அந்தக் கோப்பையின் மேல் சாஸரைக் கவிழ்த்து மூடினாள். உள்ளே எடுத்துப் போகவில்லை.